இடம் மாறிய கொழுப்பு

நாற்று மேடையிலிருந்து பிடுங்கி நட்ட புகையிலைக் கன்றை மறுநாள் நண்பகலில் பார்த்திருக்கிறீர்களா? இலைகள் துவண்டு மண்ணோடு படிந்து கிடக்கும். பழக்கமில்லாதவர் அது பட்டுவிட்டது என்றே முடிவு கட்டுவார். கமக்காரனோ காலையும் மாலையும் தண்ணீர் வார்த்துவிட்டுக் காத்திருப்பான். பழைய வேர்களிற் பல அறுந்துபோயின, புதிய வேர் ஓடும் வரைக்கும் அக்கன்றின் கதியை எவராலும் சொல்ல இயலாது என்பது அவனுக்குத் தெரியும். சில நாள் கழித்து நிமிர்வன நிமிரும், பட்டவை பட்டனவே.

நேயர்களே, மனித உடலில் ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து அதே உடலின் வேறோரிடத்தில் நடுகின்ற சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. அதைப்பற்றி எண்ணும்போதெல்லாம் இந்தப் புகையிலைக் கன்றே என் நினைவுக்கு வருகின்றது. வயிற்றிலோ இடுப்பிலோ தொடையிலோ உள்ள கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி, தூய்மை செய்து, முகம், மார்பு, பிட்டம் ஆகிய இடங்களில் ஊசிக்குழாயாற் செலுத்துவர். அழகு கருதிச் செய்துகொள்வோரே பெரும்பாலார். புற்றுநோயினால் மார்பின் ஒரு பகுதியை இழந்தவர்க்கும், தழும்பினால் வருந்துவோர்க்கும் செய்யப்படுவதும் உண்டு. அழகை நாடிக் கத்திக்கு உடலைக் கொடுப்பது தகுமா தகாதா என்ற வழக்கை இன்று நான் எடுக்கப் போவதில்லை. செய்துகொண்டவர்கள் உலகமெங்கும் பல்லாயிரவர் இருக்கின்றனர். சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு அவர்களுடைய உடல் மாறிக்கொண்டே இருக்கும். அம்மாற்றங்களுள் எது இயல்பானது, எது ஆபத்தானது என்ற அறிவு இல்லாதபோது இருவகைத் தவறு நேர்கின்றது. தீங்கற்ற ஒன்றைக் கண்டு நடுங்கி உறக்கம் இழப்பது ஒன்று. உயிருக்கே உலை வைக்கும் ஒன்றை, களைப்புத்தானே என்று படுத்திருப்பது மற்றொன்று.

இது புதிய வித்தை என்று எண்ணவேண்டா. 1893ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த குஸ்தாவ் நொய்பர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஒருவருடைய கையிலிருந்து எடுத்த கொழுப்பைக் கொண்டு அவருடைய முகத்திற் குழிவிழுந்த தழும்பை நிரப்பினார். சிறுசிறு துண்டுகளாக வைத்தாலே அது நிலைக்கின்றது, பெருந்துண்டு நிலைப்பதில்லை என்பதையும் அவரே கண்டு கூறினார். அக்கூற்றின் பொருள் முழுவதும் விளங்குவதற்கு நூறாண்டுகளுக்கு மேற் சென்றது. 1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் முறை உருவாயிற்று. அதன் பின்னரே எடுத்த கொழுப்பை வீணாக்காமல் வேறிடத்திற்கு மாற்றும் வழக்கம் பரவியது. கொழுப்பை ஒரே இடத்திற் கொட்டாமல், ஊசியைப் பின்னிழுக்கும்போது துளித் துளியாக, பல அடுக்குகளில், பல திசைகளில் விட்டுவரும் முறையை நியூயோர்க்கைச் சேர்ந்த சிட்னி கோல்மன் வகுத்துப் பரப்பினார்.

துளித் துளியாக விடுவது ஏன்? கொழுப்புக் கலம் ஒவ்வொன்றும் மயிர்க்குழாய் போன்ற குருதிக் கலன் ஒன்றை ஒட்டி வாழ்வது. உறிஞ்சியெடுக்கும்போது அந்த ஒட்டு அறுந்துவிடுகின்றது. புதிய இடத்தில் முதலிரு நாட்களுக்கு அதற்குக் குருதி கிடையாது. சுற்றியுள்ள இழையத்திலிருந்து கசிந்து வரும் நீரில் உள்ள ஒட்சிசனையும் உணவையும் கொண்டே அது பிழைக்க வேண்டும். 2012ஆம் ஆண்டில் தோக்கியோவில் யோஷிமுரா என்பவரின் குழுவினர் எலிகளில் நடத்திய ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். நட்ட கொழுப்பில் மூன்று வட்டங்கள் இருப்பதை அவர்கள் அதிற் காட்டினர். விளிம்போரமாக ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கும் இல்லாத மெல்லிய பட்டையிலுள்ள கலங்கள் மட்டுமே உயிரோடு நிலைக்கின்றன. அதற்கு உட்பட்ட வட்டத்திற் கொழுப்புக் கலங்கள் ஒருநாளுக்குள்ளாகவே இறந்துவிடுகின்றன. ஆயினும் அவற்றோடு கலந்து வந்த மூலக்கலங்கள் பசி தாங்கும் வலிமை உடையனவாகையால் மூன்று நாள் வரை பிழைத்து, இறந்தவற்றின் இடத்திற் புதிய கொழுப்புக் கலங்களை உண்டாக்குகின்றன. நடுவட்டத்திலோ இரண்டும் இறக்கின்றன. அங்கே எஞ்சுவது எண்ணெய்த் துளிகளே. அவற்றை உடல் மெல்ல மெல்ல உறிஞ்சித் தீர்க்கும், அல்லது தழும்பு இழையத்தாற் சூழ்ந்து மூடிவிடும்.

ஆகவே கொழுப்பு மாற்றம் செய்துகொண்ட ஒருவர் பின்வரும் மூன்று மாதங்களில் தம் உடலிற் காணும் மாற்றங்களிற் பெரும்பகுதி, இந்த இறப்பும் பிறப்பும் வெளியே தோன்றும் கோலமேயாகும்.

முதல் வாரத்திலிருந்து தொடங்குவோம். கொழுப்பை எடுப்பதற்கு முன்னர் அவ்விடத்தில் உப்புநீரும் விறைப்பு மருந்தும் அதிரினலினும் கலந்த நீரைப் பெருமளவிற் செலுத்துவது வழக்கம். அதிரினலின் குருதிக் கலன்களைச் சுருக்கிக் குருதி இழப்பைக் குறைக்கின்றது. செலுத்திய நீர் முழுவதும் திரும்பி வருவதில்லை. எஞ்சியது சிறு துளைகளின் வழியே ஓரிரு நாள் இளஞ்சிவப்பாகக் கசிந்து படுக்கையை நனைக்கும். கட்டிலெல்லாம் குருதி என்று வீட்டார் அலறுவதுண்டு. மெல்லிய செந்நீராகக் கசிவது பெரும்பாலும் இந்த நீரே. தடித்த, கடுஞ்சிவப்பான குருதி நில்லாமல் வருமாயின் அது வேறு. உடனே வைத்தியரை அழைக்க வேண்டும்.

இவ்வாரத்திற் பலர் செய்யும் ஒரு காரியம் தராசில் ஏறிப் பார்ப்பது. பார்த்துத் திகைக்கின்றனர். கொழுப்பை எடுத்தபின் நிறை கூடியிருக்கின்றதே! இதில் மாயம் ஒன்றுமில்லை. கொழுப்பு வேறிடத்திற்குச் சென்றதேயன்றி அதிற் பெரும்பகுதி உடலை விட்டுப் போகவில்லை. அதற்கு மேல், காயம் பட்ட உடல் உப்பையும் நீரையும் தேக்கி வைத்துக்கொள்ளும். அந்த நீர் சிறுநீராகக் கழிவதற்கு ஒரு வாரமோ இரு வாரமோ செல்லும். அதுவரை தராசை மூலையில் வைத்துவிடுவது மன அமைதிக்கு நல்லது.

தோலின் நிறமும் நாளுக்கு நாள் மாறும். முதலிற் கருஞ்சிவப்பு, பின்னர் ஊதா, அதன்பின் பச்சை, இறுதியில் மஞ்சள். தோலின்கீழ்ச் சிந்திய குருதியின் செந்நிறப் பொருளை உடல் படிப்படியாகச் சிதைக்கும்போது முதலிற் பச்சை நிறப் பொருளும், பின்னர் மஞ்சள் நிறப் பொருளும் உண்டாகின்றன. காமாலையிற் கண்ணை மஞ்சளாக்குவதும் அதே பொருள்தான். கன்றல் இருந்த இடத்திலேயே இருப்பதும் இல்லை. நீர் பள்ளத்தை நோக்குவது போல, வயிற்றில் ஏற்பட்ட கன்றல் இரண்டு மூன்று நாளில் மறைவிடங்களுக்கும் தொடைக்கும் இறங்கிவரும். ஊசி படாத இடம் கறுத்திருக்கின்றதே என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் இவை மறையும்.

கொழுப்பை எடுத்த இடம் மரத்துப்போவதும், பின்னர் அங்கே எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பும் அரிப்பும் தோன்றுவதும் வழக்கம். தோலுக்குச் செல்லும் நுண்ணிய நரம்புகள் நைந்து மறுபடி வளர்வதன் அடையாளம் அது. மூன்றாம் வாரமளவில் அவ்விடம் பலகை போல இறுகிச் சிறு கட்டிகள் கையிற் தட்டுப்படும். உள்ளே தழும்பு இழையம் உருவாகிச் சீர்ப்படும் காலம் அது. மாதங்கள் செல்லச் செல்ல மென்மையாகும். இறுக்கமான உள்ளாடையைச் சில வாரங்கள் அணியச் சொல்வது வீக்கத்தைக் கட்டுப்படுத்தவே. கூடுதலாக இறுக்கினாற் கூடுதல் அழகு வரும் என்று எண்ணி மேலுமொன்றை அணிந்து, தோலிற் புண்ணையும் மடிப்பையும் வருவித்துக்கொள்பவர் உளர்.

இனி, நட்ட இடத்திற்கு வருவோம். பெருந்துயரம் இங்கேதான் விளைகின்றது. முதல் வாரத்திற் கண்ணாடியிற் காணும் உருவம் உண்மையான உருவமன்று. அதில் நட்ட கொழுப்பும் உண்டு. அதனோடு செலுத்திய நீரும் வீக்கமும் உண்டு. நிபுணர்களும் ஒருபகுதி இறக்கும் என்பதைக் கருதி வேண்டியதிலும் சற்று மிகுதியாகவே நடுவதுண்டு. ஒருத்தி அவ்வுருவத்தைக் கண்டு மகிழ்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வாரத்திலிருந்து அது சுருங்கத் தொடங்கும். ஆறாம் எட்டாம் வாரத்தில், கொடுத்த பணமும் பட்ட வலியும் கண்முன்னே கரைந்து போவதாக அவளுக்குத் தோன்றும். துவண்டு கிடக்கும் புகையிலைக் கன்று இதுவே.

எவ்வளவு நிலைக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. அமெரிக்க நிபுணர் லிண்டன் பியர், 1950ஆம் ஆண்டில், தாம் நட்ட கொழுப்புத் துண்டுகளை ஓராண்டுக்கு மேற் சென்றபின் நிறுத்துப் பார்த்து, ஏறக்குறையப் பாதி குறைந்துவிட்டதென்று எழுதினார். முறைகள் எவ்வளவோ திருந்திய பின்னரும், வெளியாகும் ஆய்வுகளில் நிலைத்த அளவு நூற்றுக்கு இருபது முதல் எண்பது வரை விரிந்து கிடக்கின்றது. நூற்றுக்கு எண்பது நிச்சயம் என்று விளம்பரம் செய்பவரிடம் சற்று விலகியே நிற்பது நன்று. மூன்று மாதத்திற்குப் பின் நிலைத்தது பெரும்பாலும் நிலைத்ததே. ஆறு மாதம் செல்லு முன்னர் இரண்டாம் முறை செய்துகொள்ள முற்படுவது அவசரம்.

இன்னொரு நம்பிக்கையும் மக்களிடையே உலவுகின்றது. சுருங்கிய இடம் சில மாதங் கழித்து மறுபடி பொங்கிப் பெருக்குமாம். கொழுப்பின் அளவு அவ்வாறு தானே பெருகுவதில்லை, உடல் நிறை கூடினாலன்றி. இறுகியிருந்த தோல் தளர்ந்து, கட்டியாயிருந்த இழையம் மென்மையுற்று, வடிவம் இயல்பாக அமைவதையே அவ்வாறு கருதுகின்றனர். காத்திருந்தவருக்கு அது ஒரு சிறு ஆறுதலே.

பிட்டத்தில் நட்டுக்கொண்டவரை இரண்டு வாரமேனும் நேரே அமர வேண்டாம், தொடையின்கீழ்த் தலையணை வைத்து அமருங்கள் என்று சொல்வர். அழுத்தம் நுண்ணிய குருதிக் கலன்களை நெரித்துவிடும் என்பது அதன் காரணம். அந்தத் தடைக்குரிய சான்று அத்துணை வலியதன்று என்று கருதும் நிபுணரும் உளர். புகைத்தலைப் பொறுத்தவரை அத்தகைய ஐயம் எதுவும் இல்லை. நிக்கொற்றின் குருதிக் கலன்களைச் சுருக்குகின்றது. நட்ட பயிருக்கு நீர்வாய்க்காலை மறிப்பதற்கு அது ஒப்பாகும்.

மார்பிற் கொழுப்பு நட்டவர்க்கு ஒரு தனிச் செய்தி. நடுவட்டத்தில் இறந்த கொழுப்பு சிலவேளை எண்ணெய் நிறைந்த சிறு பையாகவோ, சுண்ணாம்பு படிந்த கட்டியாகவோ மாறும். கையிற் தட்டுப்படும் கட்டி யாருக்குத்தான் அச்சம் தராது? புற்றுநோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்தை இச்சுண்ணாம்பு குழப்பிவிடும் என்று அஞ்சி, அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையாளர் சங்கம் 1987இல் மார்பிற் கொழுப்பு நடுவதையே எதிர்த்தது. பின்னர் வந்த அனுபவம், பயின்ற கண்ணுக்கு இரண்டையும் பெரும்பாலும் வேறு பிரித்தறிய இயலும் என்று காட்டியபடியால், 2009இல் அந்த எதிர்ப்புத் தளர்ந்தது. ஆயினும் படம் எடுக்கும் வைத்தியரிடம் இச்சிகிச்சை செய்துகொண்டதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். நாணத்தினால் மறைத்தால், வேண்டாத ஊசிச் சோதனைக்கும் வீண் கலக்கத்திற்கும் ஆளாக நேரிடும். புதிதாகத் தோன்றும் கட்டி எதுவாயினும் சோதிக்கப்பட வேண்டியதே. பழைய சிகிச்சையின் மேற் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது.

எவரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு மாற்றமும் உண்டு. இரண்டு மூன்று மாதம் சென்றபின் சீப்பிற் கற்றை கற்றையாகத் தலைமயிர் வரும். கொழுப்புக்கும் கூந்தலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். பெரிய காய்ச்சலுக்குப் பின்னும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் மயிர் உதிர்வதை நம் தாய்மார் அறிவர். உடலுக்கு ஓர் அதிர்ச்சி நேர்ந்தபோது மயிர்க்கால்களிற் பல ஒருங்கே ஓய்வு நிலைக்குச் சென்று, சில மாதங் கழித்து மயிரை உதிர்க்கின்றன. மறுபடி முளைக்கும். இழந்த குருதியை ஈடுசெய்ய இரும்புச் சத்துள்ள உணவு தேவைப்படும். களைப்பு வாரக்கணக்கில் நீடிப்பதற்கும் குருதி குறைந்திருப்பது ஒரு காரணம்.

இதுவரை கூறியவை அஞ்சத் தேவையற்றவை. அஞ்ச வேண்டியவற்றை இனிச் சொல்கின்றேன். பென்சிலும் தாளும் அருகில் இருந்தாற் குறித்துக்கொள்ளுங்கள்.

பிட்டத்தின் தசைக்குள்ளும் தசைக்கு அடியிலும் பெரிய நாளங்கள் உள்ளன. ஊசிக்குழாய் ஆழத்திற் சென்று அந்நாளத்தைக் கிழித்தால், செலுத்தும் கொழுப்பு குருதியோடு இதயத்திற்குச் சென்று, அங்கிருந்து நுரையீரல் நாடியை அடைத்துவிடும். பெரும்பாலும் சிகிச்சை மேசையிலேயோ முதல் நாளிலேயோ நேர்வது இது. தப்பிப் பிழைப்பவர் சிலரே. 2018ஆம் ஆண்டில் பல நாட்டு நிபுணர் சங்கங்கள் ஒன்றுகூடி ஆராய்ந்து, மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இதனால் இறந்திருக்கலாம் என்றும், அழகு கருதிச் செய்யும் வேறெந்தச் சத்திரசிகிச்சையிலும் இத்தகைய தொகை இல்லை என்றும் எச்சரித்தன. தோலுக்கும் தசைக்கும் இடைப்பட்ட கொழுப்பு அடுக்கிலன்றித் தசைக்குள் ஒருபோதும் செலுத்தக்கூடாதென்றும் வற்புறுத்தின. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2019இல் அதனை விதியாகவே ஆக்கியது. 2022இல் ஒரு நிபுணர் ஒருநாளில் இத்தகைய சிகிச்சை மூன்றுக்கு மேற் செய்யக்கூடாதென்றும் வரையறுத்தது. ஒரு நாளில் எத்தனை என்று சட்டம் எண்ண வேண்டி வந்ததே அத்தொழிலின் அவசரத்தைக் காட்டுகின்றது.

வீடு திரும்பிய பின்னர் வரும் ஆபத்து வேறொன்று. படுத்தே கிடப்பதால் காலின் ஆழ்நாளத்திற் குருதி உறைந்து, அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லும். இது முதல் சில வாரங்களில் எந்த நாளிலும் நேரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி நோவதும், கெண்டைக்கால் இறுகிச் சூடாயிருப்பதும் முன்னறிகுறிகள். திடீரென்று மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக் குத்து, காரணமின்றி இதயம் படபடத்தல், மயக்கம், இருமலிற் குருதி, இவற்றில் ஒன்றேனும் தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். இதனாலேயே, சிகிச்சை முடிந்த அன்றே எழுந்து சில அடி நடக்கச் சொல்கின்றனர். இரண்டு பக்கமும் ஒத்த அளவில் வீங்கியிருப்பது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்குவதும், சிவந்து சூடேறுவதும், துர்நாற்றத்தோடு சீழ் வடிவதும், குளிர்காய்ச்சலும் இயல்பல்ல. வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்தவருக்கு நாளுக்கு நாள் வளரும் வயிற்று வலியும் வாந்தியும் வந்தால், குழாய் குடலைத் துளைத்திருக்கக்கூடும்.

செலவு குறைவென்று வேற்று நாடு சென்று செய்துகொள்வோருக்கு இதிலோர் இடைஞ்சல் உண்டு. ஆபத்து முளைக்கும் வாரங்களில் அவர்கள் நீண்ட விமானப் பயணத்திலோ, சிகிச்சையின் விவரமறியாத வேறொரு வைத்தியர் முன்னிலையிலோ இருப்பர். டொமினிக்கன் குடியரசுக்கு அழகுச் சிகிச்சைக்காகச் சென்ற அமெரிக்கர்களுள் 2009 முதல் 2022 வரை 93 பேர் இறந்தனர் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2024இல் அறிவித்தது. ஆராயப்பட்ட மரணங்களிற் கொழுப்பு அடைப்பும் குருதி உறைவுமே பெரும்பாலானவற்றுக்குக் காரணமாயிருந்தன.

முதல் வாரங்களைக் கடந்தவரின் உடல் ஓராண்டில் என்னவாகின்றது? அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு குழுவினர், இடுப்பிலும் தொடையிலும் அடிவயிற்றிலும் கொழுப்பை உறிஞ்சியெடுத்த பெண்களை ஓராண்டு தொடர்ந்து அளந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். இழந்த கொழுப்பை உடல் ஓராண்டுக்குள் திரட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் தொடைக்கு அது திரும்பவில்லை. பெரும்பாலும் மேல்வயிற்றிற் சேர்ந்தது. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரிலிருந்து 2012இல் வந்த மற்றோர் ஆய்வு, வயிற்றுக் கொழுப்பை எடுத்தபின் உடற்பயிற்சி செய்யாதிருந்த பெண்களுக்கு ஆறு மாதத்தில் வயிற்றறைக்குள், குடலைச் சூழ்ந்த கொழுப்பு நூற்றுக்குப் பத்தளவிற் கூடியதென்று கண்டது. நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிகோலுவது அந்த உட்கொழுப்பே. சிகிச்சைக்கு இரண்டு மாதத்தின் பின்னர் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு அது கூடவில்லை.

நட்ட கொழுப்போ, தான் பிறந்த இடத்தின் குணத்தை எளிதில் மறப்பதில்லை. மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக எடுத்துக் கூறப்படும் நேர்வு ஒன்றுண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் புறங்கை தீயில் வெந்துபோக, அவள் வயிற்றுத் தோலை எடுத்து அங்கே ஒட்டினர். கை நன்றாக ஆறிற்று. முப்பது வயதளவில் அவளுடைய உடல் பருத்தது. வயிறு பருத்தபோது புறங்கையும் வயிற்றைப் போலவே கொழுத்துத் திரண்டது. அக்கொழுப்பைக் குறைக்க அவள் மறுபடியும் சத்திரசிகிச்சைக்குச் செல்ல வேண்டியதாயிற்று.